சேலத்து கரண்டைத் தாங்கும் எஸ்.எம்.பி.எஸ். எது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சேலத்திலோ ஏற்காட்டிலோ டெஸ்க்டாப்புக்கு எஸ்.எம்.பி.எஸ். (பிளக் கரண்டை கம்ப்யூட்டருக்கு ஏற்ற வோல்ட்டாக மாற்றித் தரும் பெட்டி) வாங்குகிறவர்கள் பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் வாட்டை நம்பி வாங்க வேண்டாம். பக்கவாட்டு லேபிளில் பொடி எழுத்தில் இருக்கும் இரண்டு வரிகளைப் படியுங்கள். இன்புட் 100–240 வோல்ட் என்று இருக்கிறதா? 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறார்கள்? இந்த இரண்டும் சரியாக இருந்து 5 ஆண்டு வாரண்டியும் இருந்தால் தைரியமாக வாங்கலாம். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் 550 வாட் பிரான்ஸ் வகையே எங்கள் தேர்வு. பிரான்ஸ், கோல்டு என்பவை கரண்டை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கு 80 பிளஸ் என்ற சான்று தரும் படிகள். கோல்டு யாருக்கு, கேபினெட்டோடு இலவசமாக வருவதை ஏன் தொடக் கூடாது என்பதைக் கீழே பார்ப்போம்.

நம் ஊர் பிளக்கில் வருவது பெயருக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளை, ஜலகண்டாபுரம் பக்கம் வீடும் விசைத்தறியும் ஒரே டிரான்ஸ்பார்மரில் இருப்பது சகஜம். தறி மோட்டார் கிளம்பும்போது, ஓடுகையில் இழுப்பதைவிட ஐந்தாறு மடங்கு கரண்டை இழுக்கும். லைட் ஒரு முறை மங்கித் தெளிவதை நாம் கவனிக்கக்கூட மாட்டோம்; அதற்குள் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகியிருக்கும். வெல்டிங் பட்டறைக்குப் பக்கத்து வீட்டிலும் இதே கதைதான்.

இது ஏன் நடக்கிறது? 50 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கு 20 மில்லி செகண்ட். உள்ளே வரும் கரண்ட் அறுந்தால், எஸ்.எம்.பி.எஸ். தன்னிடம் இருக்கும் பெரிய கெபாசிட்டரை வைத்து 16, 17 மில்லி செகண்ட் சமாளிக்க வேண்டும் என்று இன்டெலின் ஏ.டி.எக்ஸ். விதிமுறை சொல்கிறது. அதாவது விதிமுறை கேட்பதே ஒரு முழுச் சுற்றுக்குக் குறைவுதான். மலிவான சரக்கில் கெபாசிட்டரின் அளவைக் குறைத்துத்தான் காசை மிச்சம் பிடிக்கிறார்கள். அதனால் சின்ன இறக்கத்துக்கே 12 வோல்ட் சரிந்து, மதர்போர்டு தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்கிறது. ‘விண்டோஸ் கரப்ட் ஆயிடுச்சு, ஃபார்மேட் பண்ணணும்’ என்று கடைக்கு வரும் செட்டுகளில் கோளாறு பல நேரம் விண்டோஸில் இருப்பதில்லை.

கேபினெட்டோடு வரும் ‘450 வாட்’

இந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கையில் எடுத்தாலே பாதி தெரிந்துவிடும். உள்ளே ஒன்றுமே இல்லாததுபோல லேசாக இருக்கும். லேபிளைத் திருப்பிப் பாருங்கள். மேலே 450 என்று கொட்டை எழுத்து. கீழே கட்டத்தில் +12V-க்கு நேராக 14 ஆம்பியர் என்று இருந்தால், 12-ஐ 14-ஆல் பெருக்குங்கள்: 168 வாட். இன்றைய பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் கிட்டத்தட்ட முழுவதையும் 12 வோல்ட்டிலிருந்துதான் எடுக்கின்றன. மீதியை 3.3 வோல்ட்டிலும் 5 வோல்ட்டிலும் கூட்டிக் காட்டி 450 கணக்குக் கொடுத்திருப்பார்கள். அதனால் யாருக்கும் பயனில்லை.

அடுத்து ஒயரைப் பாருங்கள். நல்ல சரக்கில் ஒயர் மேலேயே ‘18AWG’ என்று அச்சடித்திருக்கும். இதில் எண்ணே இருக்காது, அல்லது 20, 22 என்று இருக்கும். எண் கூடக் கூட ஒயர் மெலிதாகும். மெலிந்த ஒயர் சூடாகி, கடைசியில் கனெக்டர் பழுப்பேறும்.

பின்பக்கம் 115/230 என்று ஒரு சிவப்பு ஸ்லைடு சுவிட்ச் இருந்தால், ஆக்டிவ் பி.எஃப்.சி. (உள்ளே வரும் வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் தானே சரிக்கட்டிக்கொள்ளும் பகுதி) இல்லை என்று அர்த்தம். குழந்தைகள் கை பட்டு அது 115-க்குப் போய்விட்டால், பிளக்கைப் போட்ட மறுகணம் பட்டாசுச் சத்தத்தோடு கெபாசிட்டர் வெடிக்கும்.

டார்ச் அடித்து ஃபேன் இடுக்கு வழியாகப் பவர் கார்டு நுழையும் இடத்தைப் பாருங்கள். நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸில் அங்கே ஒரு காப்பர் சுருள், மஞ்சள் பெட்டி போன்ற கெபாசிட்டர், நீல நிறத்தில் சின்ன வட்ட கெபாசிட்டர்கள், பியூஸ், எம்.ஓ.வி. என்ற வட்டத் தகடு எல்லாம் நெருக்கமாக உட்கார்ந்திருக்கும். மலிவான சரக்கில் போர்டில் அவற்றின் இடம் வரைந்திருக்கும், ஓட்டையும் போட்டிருக்கும். ஆனால் பாகம் இருக்காது. சுருள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கம்பித் துண்டை வளைத்துப் பற்ற வைத்திருப்பார்கள். இடி மின்னலையும் ஸ்பைக்கையும் (திடீர் வோல்டேஜ் ஏற்றம்) தடுக்க வேண்டிய முதல் கதவே அங்கே இல்லை. டேலி மட்டும் ஓடும் பழைய செட்டுக்குக்கூட இதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அது செத்தால் தனியாகச் சாகாது, மதர்போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் கூடவே கொண்டுபோகும். கணக்கு முழுவதும் அந்த ஹார்டு டிஸ்க்கில்தான் இருக்கும்.

550 வாட் பிரான்ஸ்

கோர்செர் சி.எக்ஸ்.550, கூலர் மாஸ்டர் எம்.டபிள்யூ.இ. 550 பிரான்ஸ் வி2, டீப்கூல் பி.கே.550டி. ஐந்து ரோடு, ஸ்வர்ணபுரி பக்கக் கடைகளில் கேட்டால் இவற்றில் ஒன்றாவது இருக்கும். இல்லையென்றால் வரவழைத்துத் தருவார்கள். மூன்றும் 80 பிளஸ் பிரான்ஸ், மூன்றிலும் 120 மில்லிமீட்டர் ஃபேன், மூன்றுக்கும் 5 ஆண்டு வாரண்டி. இவற்றுக்குள் எது உசத்தி என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். விலை குறைவாகவும் கையிருப்பிலும் இருப்பதை எடுக்கலாம், இன்புட் வரியைப் பார்த்துவிட்டு.

அந்த வரிதான் முக்கியம். ஆக்டிவ் பி.எஃப்.சி. உள்ள, 100–240 வோல்ட் என்று போட்ட எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு லோ வோல்டேஜ் ஒரு பிரச்சினையே இல்லை. வோல்டேஜ் 170-க்கு இறங்கினாலும் கொஞ்சம் கூடுதல் ஆம்பியர் இழுத்துக்கொண்டு அதே 12 வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டிருக்கும். இதற்கென்று தனி ஸ்டெபிலைசர் வாங்குவது வீண். ஆனால் ஒரே பெயரில், ஒரே மாதிரிப் பெட்டியில், 200–240 வோல்ட் மட்டும் போட்ட வகைகளும் சந்தையில் உண்டு. திருச்சிக்கும் கோவைக்கும் அது எப்படியோ, தறி ஓடும் தெருவுக்கு அது சரிப்படாது. பெட்டியைப் பிரித்து லேபிளைப் பார்த்த பிறகே பில் போடச் சொல்லுங்கள்.

12 வோல்ட்டுக்கு 42 ஆம்பியருக்குக் குறையக் கூடாது. அது 504 வாட். இது எதற்குப் போதும்? ஐ5-12400 முழு வேகத்தில் 117 வாட் வரை இழுக்கும். ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டு 115 வாட். போர்டு, ரேம், எஸ்.எஸ்.டி., ஃபேன் எல்லாவற்றுக்கும் தாராளமாக 50 வாட் வைத்தாலும் சுமார் 280 வாட்தான். 550-க்கு இது பாதிச் சுமைதான். எஸ்.எம்.பி.எஸ். நன்றாக வேலை செய்வது பாதிச் சுமையில்தான். ஃபேன் சத்தமும் அடங்கியிருக்கும். கார்டே இல்லாமல் டேலி, டி.டி.பி., சேலை டிசைன் மட்டும் ஓடும் செட்டுக்கு இன்னும் சின்னது போதும். இருந்தாலும் இந்த அளவுக்குக் கீழே போகும்போது தரமும் சேர்ந்து இறங்குவதால் 450-க்குக் கீழே போகாதீர்கள்.

சி.பி.யூ. கனெக்டர் 4+4 பின்னாக இருக்க வேண்டும். கார்டுக்குப் போகும் 6 பின் 75 வாட்டும், 8 பின் 150 வாட்டும் தருவதற்கு வகுத்தவை. மோலெக்ஸ் என்ற பழைய 4 பின் கனெக்டரிலிருந்து 8 பின்னுக்கு மாற்றும் கன்வர்ட்டர் ஒயரைக் கடையில் கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள். உருகிப்போன கனெக்டர்களில் இந்த ஒயர் அடிக்கடி கண்ணில் படுகிறது.

கோல்டு யாருக்கு?

மின்கட்டணம் குறையும் என்று சொல்லித்தான் கோல்டை விற்பார்கள். கணக்குப் போடுவோம். செட்டுக்கு 250 வாட் தேவை. 85 சதவீத பிரான்ஸ் சுவரிலிருந்து 294 வாட் எடுக்கும். 90 சதவீத கோல்டு 278 வாட். வித்தியாசம் 16 வாட். நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் இப்படியே முழுச் சுமையில் ஓட்டினாலும் மிச்சம் சுமார் 39 யூனிட். இதற்காகக் கூடுதல் விலை கொடுப்பது கட்டுப்படியாகாது.

கோல்டு வாங்க வேறு நியாயமான காரணம் இருக்கிறது, அது வெயில். 80 பிளஸ் சோதனை 23 டிகிரி அறையில் நடப்பது. சித்திரை வெயிலில் சிமெண்ட் ஷீட் கூரைக்குக் கீழே, கேபினெட்டுக்குள், எஸ்.எம்.பி.எஸ். இழுக்கும் காற்றே 45 டிகிரியைத் தொடும். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் ஆயுள் 10 டிகிரி கூடும்போதெல்லாம் பாதியாகும். 85 டிகிரிக்கு வகுத்ததற்குப் பதில் 105 டிகிரிக்கு வகுத்ததைப் போட்டால், மற்றது சமமாக இருக்கையில், நான்கு மடங்கு உழைக்கும். நல்ல கோல்டு வகைகளில் நிச்சிகான், ரூபிகான், நிப்பான் கெமிகான் போன்ற ஜப்பான் கெபாசிட்டர்கள், 105 டிகிரி வகை, இருப்பது வழக்கம். வாட் எந்த வெப்பத்தில் கணக்கிட்டது என்பதையும் தயாரிப்பாளரின் பக்கத்தில் பாருங்கள். 40 டிகிரியா, 50 டிகிரியா? இரண்டும் ஒன்றல்ல.

ஸ்டுடியோவில் வீடியோ எடிட்டிங், நாள் முழுதும் ரெண்டரிங், ஆர்.டி.எக்ஸ். 4070 அளவுக் கார்டு, ஏசி இல்லாத அறை: இப்படிப்பட்டவர்கள் கோர்செர் ஆர்.எம்.750இ அல்லது சீசானிக் ஃபோகஸ் ஜி.எக்ஸ். எடுக்கலாம். முன்னதற்கு 7 ஆண்டு, பின்னதற்கு 10 ஆண்டு வாரண்டி. இரண்டிலும் எல்லா கேபிளையும் கழற்றி மாட்டலாம்; இதைத்தான் மாடுலர் என்பார்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை: ஒரு கம்பெனி கேபிளை இன்னொரு கம்பெனி எஸ்.எம்.பி.எஸ்.ஸில் சொருகாதீர்கள். சொருகினால் பொருந்தும். ஆனால் பின் வரிசை வேறாக இருக்கும்; 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் எஸ்.எஸ்.டி. அந்த இடத்திலேயே போகும்.

80 பிளஸ் ஸ்டிக்கரை யாரும் அச்சடித்து ஒட்டலாம். மாடல் பெயரை கிளியரிசல்ட் நிறுவனம் இணையத்தில் வைத்திருக்கும் 80 பிளஸ் பட்டியலில் தேடுங்கள். லேபிளில் உள்ள பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) ஆர்-எண்ணை பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் போட்டால் அது யாருடையது என்று காட்டும்.

எர்த் இல்லையென்றால் எதுவும் இல்லை

கேபினெட்டில் கை வைத்தால் விறுவிறுவென்று இருக்கிறதா? எஸ்.எம்.பி.எஸ். கெட்டுப்போனது என்று மாற்றிவிடாதீர்கள். உள்ளே பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்குச் சின்ன கெபாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். எர்த் இல்லாத இடத்தில் கேபினெட் பாதி வோல்டேஜில், அதாவது 115 வோல்ட் சுமாரில், மிதக்கும். ஆம்பியர் மிகக் குறைவு என்பதால் விறுவிறுப்போடு நிற்கிறது. ஆனால் பென்டிரைவ் சொருகும்போதும் மானிட்டர் கேபிள் மாட்டும்போதும் போர்ட் எரிவதற்கு அது போதும்.

மல்டிமீட்டரை ஏ.சி.யில் வைத்து மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். பழக்கம் இல்லாதவர்கள் எலக்ட்ரீஷியனை வைத்தே எடுக்கவும். பேஸ்–நியூட்ரல், பேஸ்–எர்த் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். நியூட்ரல்–எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கூடினால் எர்த் குழியைப் பார்க்க வேண்டிய நேரம். சேலத்தைச் சுற்றிப் பாறை மண் அதிகம். கோடையில் குழி காய்ந்துபோகும். உப்பும் கரியும் போட்ட குழியாக இருந்தாலும் தண்ணீர் ஊற்றாமல் விட்டால் பயனில்லை.

எர்த்தும் தடுக்க முடியாதது நியூட்ரல் கட். டிரான்ஸ்பார்மரிலோ கம்பத்திலோ நியூட்ரல் அறுந்தால், உங்கள் வீட்டு லைனில் இன்னொரு பேஸ் கலந்து 400 வோல்ட் வரை ஏறலாம். 415 வோல்ட் ஏ.சி.யின் உச்சி 587 வோல்ட். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பெரிய கெபாசிட்டர் அதிகபட்சம் 450 வோல்ட்டுக்கு வகுத்தது. எந்த கோல்டும் பிளாட்டினமும் இதைத் தாங்காது. மெயின் போர்டில் ஓவர்–அண்டர் வோல்டேஜ் கட்-ஆஃப் ஒன்று போட்டுவிட்டால் ஃபிரிட்ஜ், டிவி எல்லாமே தப்பிக்கும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் போன கரண்ட் எப்படித் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. பிளக்கைப் பிடுங்கி வைத்து, வந்து ஐந்து நிமிடம் நிலைத்த பிறகு போடுவது நல்லது.

வந்து வந்து போகும் கரண்ட்தான் இன்னும் மோசம். எஸ்.எம்.பி.எஸ். ஆன் ஆகும் கணத்தில் பாயும் கரண்டைக் கட்டுப்படுத்த என்.டி.சி. என்ற தெர்மிஸ்டர் இருக்கும். அது குளிர்ந்திருந்தால்தான் தடுக்கும். இரண்டு வினாடியில் போய்த் திரும்பினால் அது சூடாகவே இருக்கும், தடுக்காது. முழு வேகமும், ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் ரெக்டிஃபையர் மேல் விழும்.

யு.பி.எஸ்.ஸோடு ஒத்துப்போகிறதா?

கடைகளில் அதிகம் போவது 600 வி.ஏ. யு.பி.எஸ். அதில் உண்மையான கொள்ளளவு 360 வாட். மேலே சொன்ன 280 வாட் செட் சுவரிலிருந்து 330 வாட் எடுக்கும். மானிட்டரையும் சேர்த்தால் விளிம்புக்கு வந்துவிட்டது. கார்டு உள்ள செட்டுக்கு 1000 வி.ஏ.வுக்குக் குறையாமல் எடுங்கள். ஜெராக்ஸ் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: லேசர் பிரிண்டரை யு.பி.எஸ்.ஸில் போடாதீர்கள். அதன் ஹீட்டர் ஒவ்வொரு முறை சூடேறும்போதும் பல நூறு வாட் இழுக்கும், செட் அணையும், பழி எஸ்.எம்.பி.எஸ். மேல் விழும்.

விலை குறைந்த யு.பி.எஸ். பேட்டரியில் ஓடும்போது தருவது சைன் அலை அல்ல, படிபடியான அலை. ஆக்டிவ் பி.எஃப்.சி. உள்ள சில எஸ்.எம்.பி.எஸ்.களுக்கு அது ஒத்துக்கொள்ளாது. கரண்ட் போன நொடியே அணைந்துவிடும். வாங்கிய வாரத்திலேயே ஒரு கேமையோ ரெண்டரையோ ஓடவிட்டு யு.பி.எஸ். பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். மூன்று நான்கு முறை தாங்கினால் சரி. அணைந்தால் சைன் அலை யு.பி.எஸ். வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுகிறவர்கள் அதை ‘யு.பி.எஸ். மோடு’க்கு மாற்றி வைக்க வேண்டும். சாதாரண மோடில் மாறும் நேரம் எஸ்.எம்.பி.எஸ். தாங்கும் நேரத்தைவிட அதிகம்.

ஏற்காட்டில்

ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் 15 சதவீதம் குறைவு. ஃபேன் அந்த அளவுக்குக் குறைவாகவே குளிர்விக்கும். ஆனால் மலையில் வெயிலும் குறைவு என்பதால் அதை ஈடுகட்டிவிடும். வாட்டைக் கூட்ட வேண்டியதில்லை. அங்கே எதிரி மின்னலும் ஈரமும். மரங்களுக்கு நடுவே நீளும் லைன், கோடை மழையில் இடி. நாகலூர் பக்கத்து எஸ்டேட் ஆபீசானாலும் டவுனில் உள்ள காட்டேஜ் பில்லிங் செட்டானாலும், இடி கேட்டதும் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். சுவிட்ச் இடைவெளியை மின்னல் தாண்டும். கூடவே லேன் கேபிளையும் பிடுங்குங்கள். வெளியில் இழுத்த காப்பர் லேன் ஒயர் வழியாக வரும் அடியை எந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸும் தடுக்காது. ஃபைபர் ஒயரில் அந்த ஆபத்து இல்லை.

எம்.ஓ.வி. ஒவ்வொரு ஸ்பைக்கிலும் கொஞ்சம் தேயும். அதனால் மலையில் ஸ்பைக் கார்டு ஒன்றைத் தனியாகப் போட்டு, அதன் பாதுகாப்பு விளக்கு அணைந்ததும் மாற்றிவிடுங்கள். சீசன் முடிந்து மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த அறையின் செட்டை, மூடுபனி நாளில் திறந்த உடனே ஆன் செய்யாமல் கதவைத் திறந்து வைத்து ஈரம் உலர விடுங்கள்.

மாட்டிய பிறகு

24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்து ஃபேன் சுற்றுகிறது என்று காட்டுவார்கள். அது ஆன் ஆகிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. ஒயர் எல்லாமே கறுப்பாக இருந்தால் நிறத்தை நம்பாமல் 16-ஆவது பின்னைப் பார்க்க வேண்டும். உண்மையான சோதனைக்கு ஓ.சி.சி.டி. என்ற மென்பொருளின் பவர் டெஸ்ட்டை அரை மணி நேரம் ஓடவிட்டு, மோலெக்ஸில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். மஞ்சள் ஒயர் (12 வோல்ட்) 11.4-க்குக் கீழே போகக் கூடாது, 12.6-ஐத் தாண்டக் கூடாது. சிவப்பு ஒயர் (5 வோல்ட்) 4.75-லிருந்து 5.25 வரை. சும்மா இருக்கும்போது 12.1, சுமையில் 11.5 என்று சரிந்தால், விதிக்குள் இருந்தாலும் அந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திருப்பிக் கொடுங்கள்.

கேபினெட்டுக்கு அடியில் மாட்டும் வகையில் ஃபேன் கீழே பார்க்கட்டும், ஃபில்டர் இருந்தால். தறிப் பட்டறைக்குள் இருக்கும் செட்டில் பஞ்சுத் தூசி ஒரு மாதத்தில் அந்த ஃபில்டரைப் போர்வைபோல் மூடிவிடும். தரையிலிருந்து ஒரு அடி உயர்த்தி வையுங்கள். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். எக்காரணம் கொண்டும் மூடியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே 380 வோல்ட் டி.சி. தங்கியிருக்கலாம்.

சில வருடம் ஆன எஸ்.எம்.பி.எஸ். காலையில் முதல் அழுத்தலில் எழாது, மூன்றாவது முறைக்கு எழும், சூடான பிறகு ஒழுங்காக ஓடும் என்றால் கெபாசிட்டர் காய ஆரம்பித்துவிட்டது. அன்றே டேட்டாவை பேக்கப் எடுங்கள். வாரண்டி இருந்தால் பில்லோடும், கிழியாத சீரியல் ஸ்டிக்கரோடும், பெட்டியில் வந்த அத்தனை கேபிள்களோடும் கடையில் கொடுங்கள். மாடுலர் வகை என்றால் பழைய கேபிளை வீட்டில் நிறுத்திக்கொள்ள வேண்டாம். பதிலுக்கு வருவது அதே பெயரில் வேறு வெர்ஷனாக இருந்து, பின் வரிசை மாறியிருக்கலாம். புதியதற்குப் புதிய கேபிளையே கேட்டு வாங்குங்கள்.